பத்து நொட் கூடுதல் வேகம், ஒரு பனை உயரம்

வடமராட்சியைச் சேர்ந்த 22 வயது மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்துத் தேறிய அவர், இப்போது தெற்கிலுள்ள ஒரு பறப்புப் பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172 விமானத்தில் பயிற்சி பெறுகிறார். 27 மணித்தியாலம் பறந்தும் தனிப்பறப்புக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. இறங்கும்போது விமானம் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போய், தொடவேண்டிய இடத்தைத் தாண்டித் தொடுகிறது. ஒருமுறை இதற்கு நேர்மாறாகத் தாழ்ந்துபோனபோது, எப்படியாவது ஓடுபாதையை எட்டிவிடலாம் என்று மூக்கை உயர்த்தியிருக்கிறார். இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று அறிவிக்கும் எச்சரிக்கை ஒலி கேட்கத் தொடங்கியதும் பயிற்றுநர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "உங்களுடைய சக்தி முகாமை சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கம் கேட்டதற்கு "மணித்தியாலம் கூடக்கூடத் தானாக வரும்" என்றாராம். அம்மாவின் நகைகள் அடகில் இருக்கின்றன. போதும், வீட்டுக்கு வந்துவிடு என்கிறார் அப்பா. தனக்கு இயல்பான திறமை இல்லையா, பள்ளியை மாற்றவேண்டுமா, உயரத்தைத் திரொட்டிலால் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கட்டுப்படுத்துவதா மூக்கால் கட்டுப்படுத்துவதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்பான பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கடைசி நான்கு பறப்புகளின் குறிப்பை நீங்கள் இணைத்திருப்பது எனக்குப் பெரிய உதவி. நீங்கள் கேட்டதைவிட அதிகமான விடை அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. உங்கள் பயிற்றுநர் தந்த இறங்குவேகம் 65 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). ஆனால் நான்கு தடவையும் ஓடுபாதையின் தொடக்கத்தை நீங்கள் கடந்த வேகம் 74க்கும் 77க்கும் இடையில் இருக்கிறது. மூன்று தடவை, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடான பிளாப்பை முழுதாக இறக்கியது 300 அடிக்குக் கீழே. தரைக்கு அருகில் உங்கள் கை என்ன செய்கிறது என்பதைப் பற்றியே நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அங்கே பெரிய பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. செலவழித்திருக்கவேண்டிய சக்தியைச் செலவழிக்காமல் ஓடுபாதைக்குக் கொண்டுவருகிறீர்கள், மிச்சத்தைத் தரைக்கு மேல் மிதந்து தீர்க்கவேண்டியதாகிறது. இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. யாராவது கூட இருந்து ஆறுதலாகச் சொல்லித்தந்தால் விளங்கக்கூடிய ஒரு கணக்கு இது. அதை உங்களுக்கு முன்பே சொல்லித்தந்திருக்கவேண்டும்.

ஊஞ்சலும் விமானமும்

உயர்தரப் பௌதிகவியலில் அழுத்தச் சக்தியையும் இயக்கப்பாட்டுச் சக்தியையும் படித்திருப்பீர்கள். வருஷப் பிறப்புக்கு வேப்பமரத்தில் கட்டும் ஊஞ்சலில் ஆடியிருந்தால், அதை உடம்பாலும் அறிந்திருப்பீர்கள். பலகை உச்சிக்குப் போகும்போது ஒரு கணம் நிற்கிறது, அங்கே இருப்பதெல்லாம் உயரம். கீழே வரும்போது அந்த உயரம் வேகமாக மாறி, முகத்தில் காற்று அடிக்கிறது. ஒன்று மற்றதாக மாறுகிறதே தவிர, பின்னால் நிற்பவர் தள்ளினாலொழிய மொத்தம் கூடுவதில்லை. தள்ளுவதை நிறுத்தினால் காற்றும் கயிற்று உராய்வும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடுகின்றன.

விமானமும் அப்படித்தான். உயரமும் வேகமும் ஒரே சக்தியின் இரண்டு வடிவங்கள். திரொட்டில் பின்னால் நின்று தள்ளுபவர், மொத்தச் சக்தியைக் கூட்டுவது அதுதான். காற்று விமானத்தைப் பின்னே இழுக்கும் விசையான பின்னிழுவை மொத்தத்தைக் குறைக்கிறது. பிளாப், பக்கச் சறுக்கல் போன்றவற்றால் பின்னிழுவையை வேண்டுமென்றே கூட்டிக்கொள்ளலாம். வாலில் இருந்து மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் எலிவேட்டரோ எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. உயரத்தை வேகமாகவும் வேகத்தை உயரமாகவும் மாற்றித்தருவது மட்டுமே அதன் வேலை.

"உயரத்துக்குத் திரொட்டில், வேகத்துக்கு மூக்கு" என்று ஒரு பயிற்றுநரும், அதையே தலைகீழாக இன்னொரு பயிற்றுநரும் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இந்த வாக்குவாதம் நான் மாணவனாக இருந்த காலத்திலும் இருந்தது. இரண்டு பேரும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் 2021இல் புதுப்பித்த பறப்புக் கைந்நூலில் சக்தி முகாமைக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தது. அதன் அடிப்படை மேலே நான் சொன்னதுதான்: திரொட்டில் மொத்தத்தை ஆள்கிறது, எலிவேட்டர் பங்கிடுகிறது. ஆகவே எந்தக் கை எதற்கு என்று மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். மொத்தம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா, அல்லது மொத்தம் சரியாக இருந்து பங்கீடு மட்டும் பிழைத்ததா என்று முதலில் கேளுங்கள்.

உயரமாகவும் மெதுவாகவும் இருந்தால் பங்கீடு பிழைத்திருக்கிறது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் உயரம் வேகமாக மாறிவிடும், திரொட்டிலைத் தொடத் தேவையே இராது. தாழ்வாகவும் வேகமாகவும் இருந்தால் மூக்கை மெல்ல உயர்த்தினால் போதும். உயரமாகவும் வேகமாகவும் இருந்தால் மொத்தமே கூடிவிட்டது. அங்கே மூக்கை எந்தப் பக்கம் அசைத்தாலும் பயனில்லை, திரொட்டிலைக் குறைத்துப் பின்னிழுவையைக் கூட்டவேண்டும். உங்கள் நான்கு பறப்புகளும், உயரம் சரியாகத் தெரிந்தாலும், மொத்தம் கூடிய இந்த வகையே. தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும்போது மொத்தம் குறைந்துவிட்டது, திரொட்டில் ஒன்றைத் தவிர வேறு வழியில்லை. எச்சரிக்கை ஒலி கேட்ட அன்று நீங்கள் அந்த இடத்தில்தான் இருந்தீர்கள்.

"வேகம் கூட இருந்தால் பாதுகாப்புத்தானே?"

உங்கள் கடிதத்திலே என்னை மிகவும் யோசிக்கவைத்த வரி இது. இப்படி நினைப்பவர் நீங்கள் மட்டுமல்ல. இறக்கை தூக்குவிசையை இழந்துவிடுமோ என்ற பயத்தில், கையிலே பத்து நொட் கூடுதலாக வைத்திருக்கிறீர்கள். அந்தப் பத்து நொட் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம்.

65 நொட் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 33.4 மீற்றர். 75 நொட் 38.6 மீற்றர். இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், வேகம் 15 சதவீதம் கூடும்போது சக்தி 33 சதவீதம் கூடுகிறது. அதை உயரமாக மாற்றினால் ஏறத்தாழ 19 மீற்றர், 62 அடி வருகிறது. நன்றாக வளர்ந்த ஒரு பனையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடக்கவேண்டிய உயரத்துக்கு மேலே இன்னொரு பனை உயரத்தை வைத்துக்கொண்டு ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்கிறீர்கள். ஆனால் அந்தப் பனை கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் உயரம் சரியாகத்தான் தெரியும். வேகமானி மட்டுமே அதைக் காட்டும்.

செஸ்னா 172 பிளாப் இல்லாமல் சறுக்கும்போது ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மீற்றர் முன்னே போகும். பிளாப் முழுதாக இறங்கியிருந்தால் அவ்வளவு போகாது. ஆனால் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையுள்ள நீளத்தளவு உயரத்துக்குக் கீழே வந்ததும், தரை அருகில் இருப்பதால் பின்னிழுவை குறைந்து, விமானம் மறுபடியும் மிதக்க விரும்பும். ஆகவே அந்த 19 மீற்றர், 150 மீற்றரோ அதற்கும் மேலோ ஓடுபாதையை விழுங்குகிறது. நீங்கள் "விமானம் இறங்க மறுக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அது மறுக்கவில்லை, உங்களுடைய பனையைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

தூக்குவிசை இழப்புக்கான பாதுகாப்பு அந்த 65க்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. இறங்கும் அமைப்பில் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகத்தின் 1.3 மடங்கை ஒட்டியே இறங்குவேகம் வகுக்கப்படுகிறது. அதற்கு மேல் சேர்க்க நியாயமான ஒரு காரணம், குத்துக் காற்று. காற்று 12 நொட்டாக வீசி இடையிடையே 20ஆகக் குத்துகிறது என்றால், வித்தியாசத்தின் பாதியை, அதாவது 4 நொட்டைச் சேர்ப்பது பொதுவழக்கு. பயத்துக்காகச் சேர்க்கும் நொட்டுக்கு எந்தக் கைந்நூலிலும் இடமில்லை. (இந்தக் கடிதத்தில் வரும் எந்த எண்ணும் உங்கள் விமானத்தின் கைந்நூலோடு முரண்பட்டால், கைந்நூலையே நம்புங்கள்.)

தாழ்ந்துபோன அந்த நாள்

மூக்கை உயர்த்தியதற்காக உங்களை நீங்களே மிகவும் நொந்துகொள்கிறீர்கள். தாழ்ந்துபோகும்போது மேலே இழுக்க நினைப்பது மனிதருக்கு இயல்பு. ஆனால் ஆகாயத்தில் அந்த இயல்பு ஆளைக் கொல்லக்கூடியது, ஆகவே அதன் காரணத்தை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே, மெதுவாகப் பறந்தால் பின்னிழுவை குறையும். அந்த வேகத்துக்குக் கீழே போனதும் நிலைமை தலைகீழாகிறது. மூக்கை உயர்த்தி, இறக்கையைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்து எடையைத் தாங்கவேண்டியிருப்பதால், மெதுவாகப் போகப்போகப் பின்னிழுவை கூடுகிறது. அங்கே மூக்கை இழுத்தால் முதல் இரண்டு செக்கனுக்கு விமானம் கொஞ்சம் மேலே போவதுபோலத் தோன்றும், மிச்சமிருந்த வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டீர்கள். பிறகு முன்னைவிட வேகமாகத் தாழும், ஏனென்றால் இப்போது உங்களிடம் வேகமும் இல்லை. இழுக்க இழுக்க ஓடுபாதை தூரப் போகும். அந்த இடத்தில் திரொட்டிலைத் தயங்காமல் முன்னே தள்ளவேண்டும், வேகம் குறைந்திருந்தால் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தவும் துணியவேண்டும்.

ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசிப் பகுதியான இறுதி நெடுக்குக்குத் திரும்பும் வளைவில் இது இன்னும் கூர்மையாகிறது. உயரம் மாறாமல் 30 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் 7 சதவீதம் கூடுகிறது. 45 பாகை சாய்ந்தால் 19 சதவீதம். ஓடுபாதையின் நேரைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் சாய்வைக் கூட்டி, சுக்கான் மிதியால் மூக்கைத் தள்ளித் திருப்ப முயன்றதால் உயிரிழந்த விமானிகள் பலர். தாண்டிவிட்டால் தாண்டியதாகவே இருக்கட்டும். மேலே ஏறி இன்னொரு சுற்று வாருங்கள்.

காற்று

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏறும் பட்டங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு, தரையில் வீசும் காற்று வேறு, மேலே வீசும் காற்று வேறு என்று நான் சொல்லத் தேவையில்லை. சக்திக் கணக்கில் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். வேகமானியில் 65 நொட்டோடு 15 நொட் எதிர்க்காற்றில் இறங்கினால், தரையைப் பொறுத்தவரை உங்கள் வேகம் 50. அதே 15 நொட் பின்காற்றாக இருந்தால் 80. தடுப்புகள் தீர்க்கவேண்டிய சக்தி இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிறது. விமானத்துக்குள்ளே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேகமானியில் ஒரே எண்தான். ஆகவே காற்றின் திசையைக் காட்டும் காற்றுச் சாக்கை ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் காலையில் சரியாக இருந்த ஓடுபாதைத் திசை, பின்னேரத்திலும் சரியாக இருக்கும் என்று எண்ணவேண்டாம்.

500 அடியில் ஒரு கேள்வி

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். தரையைத் தொடும் கணத்தைப் பற்றி யோசிப்பதை இரண்டு வாரத்துக்கு நிறுத்திவிட்டு, 500 அடி உயரத்தைப் பற்றி மட்டும் யோசியுங்கள். அந்த உயரத்தில் நான்கு விடயங்கள் சரியாக இருக்கவேண்டும்: ஓடுபாதைக்கு நேராக இருத்தல், பிளாப் இறங்கியிருத்தல், வேகம் 65இலிருந்து ஐந்துக்கு மேல் கூடாமலும் அதற்குக் கீழே போகாமலும் இருத்தல், தாழும் வீதம் சீராக இருத்தல். மூன்று பாகைச் சரிவில் வரும்போது தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி தாழவேண்டும் என்பது வரும். 65க்கு ஏறத்தாழ 325 அடி. ஓடுபாதையோரம் நான்கு வழிகாட்டி விளக்குகள் இருந்தால், இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிவதே சரியான சரிவு. நான்கும் வெள்ளை என்றால் உயரம் கூடிவிட்டது, நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தாகத் தாழ்ந்துவிட்டீர்கள்.

உங்கள் குறிப்பின்படி இந்த நான்கில் வேகம் ஒவ்வொரு தடவையும், பிளாப் மூன்று தடவையும் தவறியிருக்கின்றன. இறுதி நெடுக்குக்குத் திரும்புமுன் ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறக்கும் பேஸ் நெடுக்கிலேயே பிளாப்பைப் படிப்படியாக இறக்குங்கள், வேகத்தை ஒவ்வொரு நெடுக்கிலும் ஒரு படி குறையுங்கள், மூக்கின் நிலையைக் கைப்பலம் இல்லாமல் பிடித்துவைக்கும் டிரிம் சக்கரத்தை ஒவ்வொரு படிக்கும் திருத்துங்கள். டிரிம் சரியாக இருந்தால், இரண்டு விரல்களால் மட்டும் பிடித்திருந்தாலும் விமானம் 65இலேயே வரும். உங்கள் கடிதத்தில் டிரிம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அதிலிருந்து நீங்கள் விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே இறங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

500 அடியில் இந்த நான்கில் ஒன்றாவது சரியில்லை என்றால் திரொட்டிலை முழுதாகத் தள்ளி, பிளாப்பைக் கைந்நூல் சொல்லும் முதற்படிக்கு எடுத்து, இறங்காமல் மேலே போய்விடுங்கள், இதைத்தான் கோ அரவுண்ட் என்பார்கள். "கோ அரவுண்ட் செய்தால் தோல்வி என்று குறித்துவிடுவார்களோ" என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பயத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். 2010 மே 22இல் மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 மிக உயரத்திலிருந்து இறங்கிவந்து, ஏறத்தாழ 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டிய பிறகே தரையைத் தொட்டது. மேலே போய்விடலாம் என்று துணை விமானி சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்தார். 158 பேர் இறந்தனர், எட்டுப் பேர் மட்டுமே தப்பினர். 2013 யூலை 6இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானாவின் போயிங் 777 முதலில் உயரமாக வந்தது. அதைத் தீர்ப்பதற்காகத் திரொட்டில் குறைந்த நிலைக்குப் போனது, வேகத்தைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும் என்று விமானிகள் எண்ணியிருந்தனர். இருக்கவேண்டிய 137 நொட் 103 வரை விழுந்து, விமானம் ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடற்சுவரில் மோதியது. மூன்று பேர் இறந்தனர். உங்களுடைய இரண்டு பிரச்சினைகளும், மிதப்பதும் தாழ்வதும், ஆயிரக்கணக்கான மணித்தியாலம் பறந்தவர்களுக்கும் வந்திருக்கின்றன. உயரமாக வந்தவர் திரொட்டிலை இழுத்துவிட்டு, திருப்பித் தள்ள மறப்பதால்தான் ஒன்று மற்றதில் போய் முடிகிறது.

நானும் பயிற்றுநராக இருந்த காலத்தில் ஒரு மாணவன் உயரமாக வருவதைக் கண்டும், அவனாகவே திருத்தட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஓடுபாதையின் முடிவில் புல்லுக்குச் சில மீற்றர் முன்னால் நின்றோம். அவனுடைய முகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று பிழை என்னுடையது.

பள்ளியும் பணமும்

இதை நீங்கள் கடைசியாகக் கேட்டிருந்தாலும், உங்களுக்கு மிகவும் பாரமான விடயம் இதுதான் என்று நினைக்கிறேன். தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச நியமம் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சம் 40 மணித்தியாலம். தனிப்பறப்பு இத்தனையாவது மணித்தியாலத்தில் நடந்தாகவேண்டும் என்று அது சொல்லவில்லை. 27 மணித்தியாலத்தில் அது நடக்காதது வெட்கப்படவேண்டிய விடயம் இல்லை. ஆனால் ஏன் நடக்கவில்லை என்று உங்களுக்கு விளக்கப்படாதது சரியில்லை. பணம் கட்டிப் படிக்கும் மாணவியாக, உங்கள் பயிற்சிப் பதிவேட்டைப் பார்க்கவும், ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் என்ன பிழைத்தது என்று கேட்கவும், இன்னொரு பயிற்றுநரோடு ஒரு சோதனைப் பறப்பைக் கோரவும் உங்களுக்கு நியாயம் உண்டு. இதைத் தலைமைப் பயிற்றுநரிடம் மரியாதையோடு, எழுத்தில் கேளுங்கள். உங்கள் பயிற்றுநரைக் குற்றம் சொல்வதாக எழுதவேண்டாம். அன்று எச்சரிக்கை ஒலி கேட்டதும் கட்டுப்பாட்டை எடுத்தது அவர் செய்யவேண்டிய வேலை, அதைச் சரியாகச் செய்தார்.

பள்ளியை மாற்ற நான் இப்போது சொல்லமாட்டேன். புதிய பள்ளி பெரும்பாலும் பழைய மணித்தியாலங்களை மறுபடி சோதித்துப் பார்க்கும், சிலவற்றைத் திரும்பப் பறக்கச் சொல்லும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். முதலில் ஐந்து மணித்தியாலத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். அதற்கு மேல் முற்பணம் கட்டவேண்டாம். அதில் ஒரு மணித்தியாலத்தை 3,000 அடிக்கு மேலே செலவழித்து, இறங்கும் அமைப்பில் 75 நொட்டிலிருந்து பயிற்றுநர் சொல்லும் மிகக் குறைந்த வேகம் வரை படிப்படியாகக் குறைத்துப் பறந்து, ஒவ்வொரு படியிலும் திரொட்டில் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பயிற்றுநரோடு சேர்ந்து பாருங்கள். மிக மெதுவாகப் பறக்க ஏன் கூடுதல் விசை வேண்டும் என்பதை நான் பத்துப் பக்கம் எழுதினாலும், உங்கள் வலக்கை அங்கே பத்து நிமிடத்தில் அறிந்துகொள்வதற்கு ஈடாகாது. அந்த ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகும் 500 அடிக் குறிப்பில் முன்னேற்றம் தெரியாவிட்டால், பள்ளியை மாற்றுவதைப் பற்றி மறுபடி பேசலாம்.

அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அடகில் இருக்கும் நகையை நினைத்து அவர் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன். ஐந்து மணித்தியாலம் என்ற எல்லையை அவரோடும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் 72 பலாலியில் இறங்குவதைப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தரையைத் தொடும் இடத்தைப் பார்க்காமல், விமானம் தூரத்தில் சிறிதாகத் தெரியும்போதே பார்க்கத் தொடங்குங்கள். சில்லுகள் எப்போது இறங்கியிருந்தன, மூக்கு ஒரே நிலையில் இருக்கிறதா, எஞ்சின் ஒலி ஏறி இறங்குகிறதா அல்லது ஒரே சீராக வருகிறதா என்று கவனியுங்கள். தொட்ட பிறகு சுழலிகளின் ஒலி மாறும். அலகுகள் தட்டையாகத் திரும்பித் தடுப்பாக வேலைசெய்கின்றன, மிச்சச் சக்தியைத் தீர்க்கும் வேலை அது.

அடுத்த பத்து இறக்கங்களுக்கு 500 அடியில் இருந்த வேகம், பிளாப், தாழும் வீதம், ஓடுபாதைத் தொடக்கத்தில் இருந்த வேகம், தொட்ட இடம் ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மேலே போய்விட்ட சுற்றுக்களையும் சேர்த்து எழுதுங்கள்.